கை நனைச்சுட்டுப் போங்க

அப்பாயி இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே தெரு, நடுவில் நாலு வீடுதான். ஆனாலும் ஒன்பது வருஷமாக எங்கள் வாசல்படியை அவர் மிதித்ததில்லை. அன்றைக்கு மூத்த மகனாகச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் செய்தார், பந்தி போட இலையை விரிக்கத் தொடங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, கை நனைச்சுட்டுப் போங்க."

அவர் நின்றார், திரும்பவில்லை. "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால் கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். கை நனைப்பது என்றால் இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது. காபி குடித்தால் அது கணக்கில் வராது, கை நனைவதில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது என்று இன்னமும் எங்கள் பக்கம் வைத்திருக்கிறார்கள், பஜ்ஜியும் சொஜ்ஜியும் வேறு கணக்கு. பகையான வீட்டுத் துக்கத்துக்குப் போகலாம், அழலாம், பாடையைத் தோளில் தூக்கலாம், கை மட்டும் நனைக்க மாட்டார்கள். உறவு இருக்கிறதா அறுந்துவிட்டதா என்பதற்கு எங்கள் ஊரில் கடைசி அத்தாட்சி அந்த ஈரம்தான்.

அன்று இரவு அம்மா அழுதது அப்பாயிக்காக மட்டும் இல்லை. எனக்கு அப்போதிருந்துதான் இந்தக் 'கை' என்கிற சொல் மேல் கண் விழுந்தது. ஒற்றை எழுத்து. நன்னூல் சொல்கிற நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்று. அதற்குள் எவ்வளவு அடைத்து வைத்திருக்கிறோம் என்று பார்க்க ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை.

பகை எதனால் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2012-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்க முடியாமல் செப்டம்பரில்தான் திறந்தார்கள். எங்களுடையது கல்லணைக் கால்வாயின் கடைமடை. சம்பா உழவுக்கும் நடவுக்கும் அப்பா கையில் காசில்லை, பெரியப்பாவிடம் நாற்பதாயிரம் ரூபாய் கைமாத்தாக வாங்கினார். தண்ணீர் கை கொடுக்கவில்லை, பயிர் கருகிவிட்டது. அறுப்பு முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருந்த அப்பா கையை விரித்தார். பெரியப்பாவுக்கோ அந்த மாசிதான் மகள் கல்யாணம், அவருக்கும் கையைக் கடித்தது. களத்தில் வைத்துப் பேச்சு முற்றி, பெரியப்பா கை நீட்டிவிட்டார். நாலு பேர் பார்க்க, ஐம்பது வயதுத் தம்பியை.

எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கும்போதுதான் கவனிக்கிறேன், நான் தேடி எடுத்து எதையும் போடவில்லை, நடந்ததைச் சொன்னாலே அது கையாகத்தான் வருகிறது.

இந்தக் கைமாத்து எனக்கு மிகவும் பிடித்த சொல். எழுத்தில் கைமாற்று என்று எழுதுவோம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பணம் மாறுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அதே வழியில் திரும்ப வரும் என்கிற நம்பிக்கையில் நிற்கிற கடன். அதனால்தான் வங்கிக் கடன் நின்றுபோனால் வருகிற வருத்தம் வேறு, கைமாத்து நின்றுபோனால் வருகிற காயம் வேறு. பெரியப்பாவுக்கு நாற்பதாயிரம் போனதைவிட அதுதான் பெரிதாகப் பட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் இந்தக் கை நீட்டுவது. ஒரே அசைவு, தோளிலிருந்து கையை முன்னால் கொண்டுபோவது. ஒருவன் மேல் கை நீட்டினால் அடித்தான் என்று அர்த்தம். ஒருவரிடம் கை நீட்டினால் யாசகம் கேட்டான் என்று அர்த்தம், கடன் கேட்டதற்கும் அதையே சொல்வோம். 'கை நீட்டிக் காசு வாங்கினவன்தானே' என்றால் லஞ்சத்தையோ கூலியையோ குறிக்கும், அதற்குப் பிறகு வேலையைச் செய்யாமல் இருக்க முடியாது என்கிற குத்தலும் அதில் உண்டு. 'மேல்', 'இடம்' என்று பக்கத்தில் வந்து ஒட்டுகிற சின்னச் சொல்தான் அடிக்கிற கையா ஏந்துகிற கையா என்று தீர்மானிக்கிறது. கை வைப்பதும் இப்படித்தான்: கல்லாவில் கை வைத்தால் திருட்டு, ஒருவன் மேல் கை வைத்தால் சண்டை, தன் தலையில் தானே கை வைத்து உட்கார்ந்தால் நஷ்டம், பெரியவர்கள் பிள்ளையின் தலையில் கை வைத்தால் ஆசீர்வாதம். ஒரு மனிதனை எடைபோடுவதற்கும் நமக்கு இதுதான் தராசு. கை சுத்தமானவர், கை நீளமானவன், கைதேர்ந்த கொத்தனார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று ஒரு வசவு உண்டு, கஞ்சத்தனத்தை இதைவிடக் கச்சிதமாக யாரும் சொல்லிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம். கையை வீசினால் ஒட்டியிருக்கிற இரண்டு பருக்கை காக்காய்க்குப் போய்விடுமாம்.

தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் தமிழுக்கு ஒரே கைதான். இங்கிலீஷ்காரர்கள் மணிக்கட்டோடு வெட்டி இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் தேவைப்பட்டால் உள்ளங்கை, புறங்கை, முன்கை, முழங்கை என்று உள்ளே பிரித்துக்கொள்வோம், ஆனால் மொத்தமும் கை. முழங்கையில் இருக்கிற முழம், பூ அளக்கிற முழம்தான். முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரை. பேருந்து நிலையத்துப் பூக்காரம்மாவிடம் "கையை நீட்டி அளந்து போடும்மா" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே ஒரு விரற்கடை கூடுதலாக விடுவார், அவர் கையே அவருக்கு அளவுகோல், உயரமான பூக்காரம்மா கிடைத்தால் நமக்கு லாபம்.

மனித உடம்பை விட்டு வெளியேயும் இந்தக் கை போயிருக்கிறது. சட்டைக்குக் கை, நாற்காலிக்குக் கை, ஓட்டு வீட்டில் உச்சியிலிருந்து சரிந்து இறங்குகிற கைமரம், மாடியில் கைப்பிடிச்சுவர், தெருமுனையில் கைப்பம்பு. சாலை பிரிகிற இடத்தில் ஊர்ப்பெயர் எழுதி நட்டிருக்கும் கம்பம் கைகாட்டி, அந்தப் பெயரிலேயே அவிநாசிப் பக்கம் கைகாட்டிப்புதூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. யானைக்குப் பழைய இலக்கியத்தில் கைம்மா என்று பெயர், கையுள்ள விலங்கு. இதையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகலாம், அது எனக்கு முக்கியம் இல்லை.

முக்கியமாகப் படுவது வேறு. கை என்று சொல்கிற பல இடங்களில் நாம் முழு ஆளைத்தான் சொல்கிறோம். சீட்டாட உட்கார்ந்தவர்கள் "ஒரு கை குறையுது, வாடா" என்று கூப்பிடுவது ஓர் ஆளை. மூட்டையைத் தூக்க முடியாதவர் "ஒரு கை பிடிங்க தம்பி" என்கிறார். பெற்றவளை இழந்த குழந்தையைப் பாட்டி வளர்த்தால் "பாட்டி கையில வளர்ந்த பிள்ளை" என்போம். அப்பாயி வைக்கிற கருவாட்டுக் குழம்பை அதே அளவு புளி, அதே மிளகாய்த்தூள் போட்டு அம்மாவும் வைப்பாள், வராது, அது கைமணம் என்று விட்டுவிடுவோம். கைப்பக்குவம் என்றும் சொல்வார்கள். சமையல் குறிப்பில் எழுத முடியாத மிச்சம் எதுவோ அதற்குப் பெயர் கை.

அப்பாயிக்குக் கைராசி உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. நடவு தொடங்குகிற அன்றைக்கு முதல் நாற்று முடியை அவளை நடச்சொல்லிக் கூப்பிட்டுப் போவார்கள். தென்னம்பிள்ளை வைக்க, கன்று ஈன முடியாமல் தவிக்கிற மாட்டைத் தடவிக்கொடுக்க என்று அதற்கெல்லாமும் கூப்பிடுவார்கள். வயது ஏற ஏற முதுகு வளைந்தது, ஆனாலும் எண்பது தாண்டியும் அந்த முதல் முடிக்கு மட்டும் வரப்பிலிருந்து இறங்குவாள். 'உழவினார் கைம்மடங்கின்' என்று தொடங்குகிற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. உழவர் கை மடங்கிவிட்டால் எல்லா ஆசையையும் விட்டுவிட்டேன் என்கிற துறவிக்கும் அந்த நிலையில் நிற்க முடியாது என்கிறது. சேற்றில் குனிந்து நிற்கிற அப்பாயியின் கையைப் பார்த்த பிறகுதான் 'மடங்கின்' என்கிற சொல்லில் நின்றேன். கை ஓய்ந்தால் என்று சொல்லவில்லை, மடங்கினால் என்கிறார். ஐந்து விரலும் மண்ணுக்குள் போய் வேரை ஊன்றிவிட்டு வெளியே வருகிறதே, அந்த விரல்கள் மடங்கினால்.

அந்தக் கையை ரேஷன் கடையில் இயந்திரம் ஏற்கவில்லை. 2020-க்குப் பிறகு கைரேகை வைத்தால்தான் அரிசி என்று ஆனது எல்லோருக்கும் தெரியும். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆயுள் முழுக்கக் கைநாட்டு. கூட்டுறவு சங்கப் பதிவேட்டில், பத்திரப் பதிவில், முதியோர் பணம் வாங்கும்போது, எங்கே போனாலும் மை தொட்டுப் பெருவிரலை உருட்டி வைத்தவள். 'கைநாட்டு' என்பதை அறிவில்லாதவர் என்கிற பொருளில் வசவாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம் உண்டு, அது ஓர் ஆள் தன் உடம்பைக் கொண்டே தன் பெயரை எழுதுவது. அப்படிப்பட்டவள் அன்றைக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில் விரலை வைக்கிறாள், சிவப்பு விளக்கு எரிகிறது. துடைத்துவிட்டு வைக்கிறாள், சிவப்பு. அடுத்த விரல், சிவப்பு. அறுபது வருஷம் நாற்றும் கதிரும் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துபோயிருந்தது. கூலி வேலை செய்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், கொத்து வேலைக்காரர்கள் பலருக்கும் இந்தக் கதிதான். கடைசியில் வேறு வழியில் பதிந்து அரிசி கொடுத்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கைய எனக்கே தெரியும், அதுக்குத் தெரியலயாம்" என்று மட்டும் சொன்னாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மனதில் உறுத்துவது. எங்கள் பக்கம் வலது கைக்குச் சோத்தாங்கை, இடது கைக்குப் பீச்சாங்கை. வேலையை வைத்தே பெயர். ஒரு கைக்குச் சோறு, இன்னொன்றுக்கு மலம் கழுவுகிற வேலை, பெயரிலேயே ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தியாயிற்று. என் தம்பி பிறவியிலேயே இடதுகைப் பழக்கம் உள்ளவன். அவன் இடது கையால் பலகாரம் எடுத்தால் அடி, எழுதினால் அடி, வகுப்பில் ஸ்கேலால் புறங்கையிலேயே அடி. இன்றைக்கும் இரண்டு கையாலும் கோணலாகத்தான் எழுதுவான். கைகளைப் பிரித்த நாம் மனிதர்களையும் அப்படியே பிரித்தோம் என்பது வரலாற்றிலும் இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரப் படைகளின் பெயர்கள் வருகின்றன, பிற்காலத்தில் சாதிகளையே வலங்கை, இடங்கை என்று இரண்டாகப் பிரித்து, யார் எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம் என்பதற்குச் சென்னையில் 1707-இல் பெரிய கலவரமே நடந்திருக்கிறது. குழந்தைகளை இனியாவது விட்டுவிடுங்கள். அவர்களுக்கு எந்தக் கை வருகிறதோ அதுதான் சோத்தாங்கை.

சரி, கை என்று தொடங்குகிற எல்லாமும் கை இல்லை. போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்துப் போவதால் கைது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கைது, கைதி இரண்டும் அரபியிலிருந்து உருது வழியாக வந்தவை, விலங்கு, கட்டு என்று பொருள்படுகிற சொல். கோயில் கைங்கர்யத்திலும் கை கிடையாது, கிங்கரன் என்றால் சமஸ்கிருதத்தில் ஏவலாள், அதிலிருந்து வந்தது. பாகற்காயின் கைப்பு வேறு வேர்ச்சொல், மலையாளத்தில் பாகற்காயையே கைப்பக்கா என்பார்கள். ஆட்டோவின் பின்னால் எழுதியிருப்பார்களே, யானைக்குத் தும்பிக்கை, மனிதனுக்கு நம்பிக்கை என்று. தும்பி என்றால் யானை, தும்பிக்கை யானையின் கை, அது சரி. நம்பிக்கையில் வருவது தொழிற்பெயர் விகுதி. வருகை, செய்கை, சேர்க்கை எல்லாம் அந்த இனம். இலக்கணம் அப்படித்தான். ஆனால் நம்பிக்கை என்று சொல்கிற எந்தத் தமிழனுக்கும் அந்தக் கடைசி எழுத்தில் ஒரு கை தட்டுப்படாமல் இருக்காது, அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இலங்கைத் தமிழர்களிடம் நாம் இழந்துவிட்ட சில கைகள் பத்திரமாக இருக்கின்றன. நாம் 'ஷேக் ஹேண்ட்' என்பதை அவர்கள் கைலாகு கொடுப்பது என்பார்கள். சித்திரைப் புத்தாண்டன்று பெரியவர்கள் சிறியவர்களுக்குக் கொடுக்கிற பணத்துக்கு அங்கே கைவிசேடம் என்று பெயர். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்து அவர் தாத்தா கொடுத்ததைச் சொன்னபோது, எங்கள் அப்பாயி பொங்கலுக்குப் பத்து ரூபாயைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவாளே, அதற்கு எங்களிடம் ஒரு பெயர் இல்லாமல் போயிற்றே என்று இருந்தது.

அப்பாயி உயிர் போன காலையில் அப்பா கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். யாருக்குச் சொல்ல வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று ஒன்றும் பிடிபடவில்லை. "கையும் ஓடல, காலும் ஓடல" என்று பக்கத்து வீட்டு மாமாவிடம் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் ஒன்று இதற்கு உண்டு, கையறுநிலை. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தவர்கள் பாடுகிற இரங்கற்பாட்டுக்குத் துறைப்பெயர் அது. பாரி இறந்த பிறகு அவன் மகள்கள் இருவரும் அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் பாடினார்களே, புறநானூற்றின் 112-ஆம் பாட்டு, அதன் துறையும் அதுதான். தந்தையும் போனார், குன்றும் போயிற்று, இனிச் செய்ய ஒன்றும் இல்லை. கை அற்றுப்போவது. அப்பா அந்தப் பாட்டைப் படித்தவர் இல்லை, அவர் வாய்க்கு அந்தக் கை எப்படியோ வந்துவிட்டது.

அந்தச் செய்தியைக் கேட்ட கையோடு பெரியப்பா ஓடிவந்தார். பாருங்கள், இந்தக் கையோடு! இதில் உறுப்பே இல்லை, இது நேரம். கேட்ட உடனே, ஒரு வேலையின் சூடு ஆறுவதற்குள் அடுத்தது. சாப்பிட்ட கையோடு, போன கையோடு, வந்த கையோடு. முதல் வேலை செய்த கை இன்னும் கீழே இறங்கவில்லை, அதற்குள் அடுத்த வேலை என்று யாரோ என்றைக்கோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பெரியப்பா வந்தபோது அவர் விரல்களில் எருக்குழிச் சாணம் காயாமல் இருந்தது.

ஆக, ஓடிவந்த கையோடு தாய்க்குக் கொள்ளி வைத்தார், பதினாறும் செய்தார், கை நனைக்காமல் போனார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். நாற்பதாயிரத்தை அப்பா எப்போதோ ஆள் மூலமாகக் கொடுத்துவிட்டார், பெரியப்பாவும் வாங்கிக்கொண்டார், அதனால் எதுவும் மாறவில்லை. போன தை மாசம் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அப்பாவும் அம்மாவும் வெற்றிலைப் பாக்கோடு அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார்கள். வருவார் என்று யாருக்கும் உறுதி இல்லை. வந்தார், நடுக்கூடத்தில் பெண் வீட்டாருக்கு எதிரில் மூத்தவராக உட்கார்ந்து பேச வேண்டியதைப் பேசினார், தட்டு மாற்றினார். பந்தி போட்டதும் நாங்கள் எல்லோரும் அவர் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மடியிலேயே கிடந்தது. அம்மா கூப்பிடவே இல்லை, கூப்பிட்டால் என்ன ஆகுமோ என்று பயம், தண்ணீர்ச் சொம்பை மட்டும் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அவரே எழுந்து வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். பக்கத்து இலையைக் காட்டி, "வாடா" என்றார் அப்பாவிடம்.

அப்பா உட்கார்ந்தார். அம்மா சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், நெய் விட்டாள். பெரியப்பா பிசைந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா, ஆத்தா கையி மாதிரி" என்றார்.